பைபோலார் இருப்பதை மறைக்காமலே பாலிசி எடுக்கலாம்

பைபோலாருக்கு (மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் நோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடுவதை மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் எழுதவேண்டாம் என்று உங்கள் ஏஜென்ட் சொன்னதாகக் கேட்டிருந்தீர்கள், தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியில் சேரும்போது கேஸ் ஷீட்டில் 'நாலு வருஷமாக லித்தியம்' என்ற ஒரு வரி போதும். கிளெய்மும் போகும், பாலிசியும் ரத்தாகும். எழுதுங்கள், கூடவே நிலை சீராக இருப்பதாக மனநல மருத்துவரின் கடிதத்தை இணையுங்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 21(4) பிரிவுப்படி உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

விலை குறைவுக்கு, பல நிறுவனங்களும் ஒரே விதிகளில் விற்கும் அடிப்படை மருத்துவ பாலிசியான ஆரோக்ய சஞ்சீவனியைப் பாருங்கள். பில்லில் 5 சதவீதம் உங்கள் பொறுப்பு. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு (அந்த நோய்க்குக் கிளெய்ம் தராத ஆரம்பக் காலம்) 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. வேலை பார்க்கும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள், பெரும்பாலும் காத்திருப்பே இராது. மாதாந்தர மாத்திரைச் செலவு சாதாரண பாலிசியில் வராது. அதற்கு மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுதான் வழி.