அழாத பிள்ளை

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். போன வருடம் கிருஷ்ணகிரி பக்கம் நடந்த கார் விபத்தில் அக்காவும் மாமாவும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அவர்களுடைய பையனுக்கு 15 வயது. சேலத்திலிருந்து கூட்டிவந்து என் பிள்ளைகளோடு வளர்க்கிறேன். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறான். இன்னும் கொஞ்சம் சாதம் போடவா என்றால் "போதும் சித்தி" என்கிறான். மார்க் இறங்கிவிட்டது. அடிக்கடி வயிற்றுவலி, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ராத்திரி தூங்காமல் போர்வைக்குள் அக்காவின் பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். போனை வாங்கி வைத்துவிடு என்கிறார் என் கணவர். அடுத்த மாதம் தலைதிவசம் வேறு. அவனை உட்கார வைக்கலாமா?

— ஒரு சித்தி

அன்புள்ள சகோதரிக்கு,

போனை வாங்காதீர்கள். அந்தக் குரல் அவனுக்கு மிஞ்சியிருக்கும் சொத்து. போன் தொலைந்தால் அதுவும் போய்விடும் என்பதால், மெசேஜ்களை இன்னொரு இடத்திலும் சேமித்துக் கொடுங்கள்.

அவன் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பாரமாகிவிட்டால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் உறவினர் வீட்டில் வளரும் பல பிள்ளைகளுக்கு உண்டு. வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களே சொல்லுங்கள்: மார்க் குறைந்தாலும், கோபத்தில் கத்தினாலும், காலேஜ் போனாலும் இதுதான் உன் வீடு என்று. ஒருமுறை சொன்னால் போதாது. அவனுக்கென்று ஓர் அலமாரியும் வீட்டுச் சாவியும் கொடுங்கள். உங்கள் பிள்ளைகளைத் திட்டும் உரிமையோடு அவனையும் திட்டலாம், அதுவும் நல்லதுதான்.

அக்காவைப் பற்றி வீட்டில் சாதாரணமாகப் பேசுங்கள். நீங்களும் அக்காவை இழந்தவர்தானே? அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழுங்கள்.

திவசத்துக்கு உட்காருவதா என்று அவனிடமே கேளுங்கள். என்னென்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்தாலும் சரி என்று சொல்லுங்கள். "இனி நீதான் குடும்பத்தைப் பார்த்துக்கணும்" என்று எந்தப் பெரியவரும் அவனிடம் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுவலி நடிப்பாக இருக்காது. அடக்கிவைத்த துக்கம் பிள்ளைகளுக்கு உடம்பு வலியாகவும் வரும். துக்கத்துக்குக் கெடு கிடையாதுதான். ஆனால் 6 மாதம் தாண்டியும் படிப்பும் தூக்கமும் குலைந்தே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இனித் தள்ளிப்போடாதீர்கள். ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே நிமான்ஸுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.