கடைப் போர்டு எதில் செய்தால் நிற்கும்? கேள்வி பதில்

பல்லடத்தில் போர்டு வேலை செய்கிறேன். முதலில் பிரஷ் பிடித்து எழுதிக்கொண்டிருந்தவன். பிளெக்ஸ் மிஷின் வந்தபோது இரண்டு வருடம் வேலையில்லாமல் உட்கார்ந்து, அப்புறம் நானும் அதற்கு மாறினேன். பெயர் போடாமல் ஊரும் தொழிலும் மட்டும் சொல்லிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

காங்கயம், மளிகைக் கடை: மேற்குப் பார்த்த கடைங்ண்ணா. பிளெக்ஸில் சிவப்பு எழுத்து ஆறே மாதத்தில் வெளுத்துவிடுகிறது. பிரிண்ட் போட்டவர் ஏமாற்றிவிட்டாரா?

அவர்மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். பிளெக்ஸில் சிவப்பு என்று தனி மை கிடையாது. மஞ்சளும் மஜந்தாவும் சேர்ந்ததுதான் சிவப்பு. வெயிலில் முதலில் போவது அந்த இரண்டும்தான். நீலமும் கறுப்பும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பழைய கல்யாண பிளெக்ஸில் மாப்பிள்ளை நீலம் பாரித்து நிற்பது இதனால்தான். துணியும் அப்படியே. அதிலுள்ள பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் சூட்டில் மெல்ல வெளியேற, அப்பளம் மாதிரி நொறுங்கும். என்னைக் கேட்டால் பிளெக்ஸ் திறப்பு விழாவுக்கு, தள்ளுபடிக்கு. கடைப் பெயருக்கு அல்ல.

மேற்கு வெயிலுக்கு ஏசிபி ஷீட் எடுங்கள், அதாவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை. வெயில் தாங்கும் 'பிவிடிஎஃப் கோட்டிங்' என்று கேட்டு வாங்குங்கள். வெறும் பாலியஸ்டர் கோட்டிங் உள்வேலைக்கு ஆனது, வெளியில் சீக்கிரம் மங்கிவிடும். எழுத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டாமல், நிற வினைலையே (ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அதில் நிறம் படலம் முழுக்க இருப்பதால் நாள்பட நிற்கும். செலவு பிளெக்ஸைப் போலப் பல மடங்குதான், ஆனால் வருடா வருடம் ஏணி போட வேண்டாம்.

உடுமலை, உரக்கடை: ஜிஐ தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே எனாமல் என்ற எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தோம். ஒரே வருடத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்துவிட்டது.

ரெட் ஆக்சைடு பூச்சில்லாத கறுப்பு இரும்புக்கு. ஜிஐயின் மேலிருக்கும் துத்தநாகம் எண்ணெய்ப் பெயிண்டோடு சேர்ந்து, நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும். அப்புறம் எத்தனை கோட் அடித்தாலும் பிடிக்காது. உரிந்ததை முழுக்கச் சுரண்டிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ஜிஐக்கு என்றே விற்கும் பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. தகடு நல்ல தகடாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஏசிபிக்கு மாற அவசியமில்லை.

தாராபுரம் ரோடு, தீவனக் கடை: மொட்டைமாடியில் 8 அடிக்கு 4 அடி போர்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். சட்டத்துக்கு ஒரு இன்ச் இரும்பு டியூப் போதுமா?

நம் பக்கம் இதுதான் பெரிய கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் கேத்தனூரிலிருந்து உடுமலை வரை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் உங்கள் போர்டிலும் மோதும்.

கணக்கு சொல்கிறேன். கட்டடங்களுக்கான ஐஎஸ் 875 விதியில் கோவைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் தள்ளும். உங்கள் போர்டு கிட்டத்தட்ட மூன்று சதுர மீட்டர். ஆக 270 கிலோ. எல்லா ஆடியிலும் அப்படி அடிக்காதுதான். வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். ஆனாலும் ஒரு நாள் அடித்தால் போதுமே.

2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டி பக்கம் விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் சரிந்து, மேலே வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். அதனால் மொட்டைமாடி வேண்டாம், முகப்புச் சுவரோடு ஒட்டி வையுங்கள். அங்கே ஒரு இன்ச் டியூப் போதும். ஆங்கர் போல்ட் கான்கிரீட் பீமில் ஏற வேண்டும், பூச்சில் அல்ல. மாடியில்தான் வேண்டும் என்றால் இன்ஜினியரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். வெல்டிங் வைத்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும், அங்கே பிரைமர் இரண்டு கை. டியூபின் வாயை மூடிவிடுங்கள்.

அவரே: பிளெக்ஸாகக் கட்டி, காற்றுப் போக அரைவட்டமாகக் கிழித்துவிட்டால்?

விசை பெரிதாகக் குறையாது. கிழித்த இடத்திலிருந்து இன்னும் கிழியும்.

திருப்பூர், பிளீச்சிங் யூனிட்: துருப்பிடிக்காது என்று 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எழுத்து வாங்கினோம். புள்ளி புள்ளியாகத் துரு. காந்தம் ஒட்டவில்லையே, அப்புறம் எப்படி?

காந்தத்தை நம்பாதீர்கள். மலிவான 202 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. சோதிக்கும் சொட்டு மருந்து பாத்திரக் கடைக்காரர்களிடம் இருக்கும், ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் இடத்தில் அசல் 304 கூட நிற்காது. குளோரின் ஆவி அதைத் துளைக்கும். அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்) எழுத்துக்கு மாறுங்கள். நீளமான துண்டாக இருந்தால் ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். 8 அடி அக்ரிலிக் வெயிலில் நாலைந்து மில்லிமீட்டர் நீளும், இடம் இல்லாவிட்டால் துளையிலேயே விரிசல் விடும்.

நாமக்கல், கோழிப்பண்ணை: கேட்டில் பித்தளை எழுத்து வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. கோழி எருவின் அம்மோனியா பித்தளையில் வெடிப்பு உண்டாக்கும்.

கோபி, பேக்கரி: ஏசிபி போர்டு வைத்து ஒரு வருடம் ஆகிறது. மேலிருக்கும் பிளாஸ்டிக் காகிதத்தைப் பாதுகாப்புக்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

அக்கா, அதை வேலை முடிந்த கையோடு உரித்திருக்க வேண்டும். இப்போது வெயிலில் பசை இறுகியிருக்கும். நிழல் நேரத்தில் வெந்நீர்த் துணி வைத்து, மூலையிலிருந்து பொறுமையாக உரியுங்கள். பிளேடு மட்டும் வைக்காதீர்கள்.

பொள்ளாச்சி, மருந்துக்கடை: ஆனி மழை வந்தால் எல்இடி போர்டு பாதி எரிகிறது, பாதி இல்லை.

உள்ளே தண்ணீர் நிற்கிறது. மேல்விளிம்பில் சிலிக்கான் வைத்து அடையுங்கள், அடியில் இரண்டு சிறு துளை போடுங்கள். பலர் அடியையும் சேர்த்து அடைத்துப் போர்டைத் தொட்டியாக்கிவிடுகிறார்கள். எல்இடி மாட்யூல் ஐபி 65க்கு (தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) குறையாமல் இருக்கட்டும், பவர் சப்ளை பெட்டியைக் கடைக்குள் வைத்துவிடுங்கள்.

திருப்பூர், சலூன்: பெயரை இங்கிலீஷில் மட்டும் போடலாமா?

கூடாது. தமிழ், ஆங்கிலம், வேறு மொழி மூன்றும் வந்தால் 5:3:2 என்ற அளவில், தமிழ் பெரிதாக இருக்க வேண்டும். போர்டு அடித்த பிறகு மாற்றினால் இரண்டு செலவு.

பெருந்துறை, நாற்றுப் பண்ணை: ரொம்பக் குறைந்த செலவில் ஏதாவது சொல்லுங்க. ரோட்டோரம் எங்கள் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது.

சுவர் இருக்கும்போது போர்டு எதற்குங்க? பாசியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன், எழுத்தும் எமல்ஷனிலேயே. எனாமல் வேண்டாம், சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளிக்கும். தரையிலிருந்து இரண்டடி விட்டு எழுதுங்கள், மழைச்சேறு தெறிக்கும். எழுத ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். பிரஷ் இன்னும் வைத்திருக்கிறேன், ஏணி பிடிக்க ஒருவர் இருந்தால் நானே வருகிறேன்.