குழந்தை பிறக்கும் நேரத்தில் புது வேலை: விடுப்பு கிடைக்குமா?

உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர் கேட்கிறார்: "நான் சிங்கப்பூரர், கணவர் நிரந்தரவாசி. முதல் பிள்ளை. மே 28 என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். பழைய வேலையை விட்டு மார்ச் 3 அன்றுதான் புது இடத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் ஆகாததால் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு இல்லை என்கிறார்கள். எனக்கு எதுவுமே கிடைக்காதா?"

கிடைக்கும். கலங்க வேண்டாம்.

16 வாரச் சம்பள விடுப்புக்குப் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும்; உங்கள் பிள்ளைக்கு அதில் சிக்கல் இல்லை. இன்னொரு நிபந்தனை, இப்போதைய முதலாளியிடம் தொடர்ந்து மூன்று மாத வேலை. அதைப் பிள்ளை பிறக்கும் நாள் வரை கணக்கிடுவார்கள், விடுப்பில் போகும் நாள் வரை அல்ல. உங்களுக்கு ஜூன் 2 அன்று மூன்று மாதம் முடிகிறது. தலைப்பிரசவம் சில நாள் தள்ளிப்போவது சகஜம். அப்படிப் போனால் முழு உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் இதை மனதில் வைத்து டாக்டர் சொல்லும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். பணத்தைவிட உங்கள் உடம்பும் பிள்ளையும் முக்கியம்.

அதற்குள் பிறந்துவிட்டால்? அப்போது அரசாங்கமே தரும் மகப்பேற்று உதவித்தொகை இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் மொத்தம் 90 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், பழைய வேலையும் சேரும். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு இது 8 வாரத்துக்கான தொகை, உச்சவரம்பு 20,000 வெள்ளி. முழு 16 வாரத்துக்கு இது ஈடாகாது, உண்மைதான். ஆனாலும் கைக்கு வரவேண்டிய பணத்தை விடாதீர்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். பழைய நிறுவனத்தின் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வேலையிலிருந்து விலகிய தேதியைக் காட்டும் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பச்சைப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய அலுவலகத்துக்கு அலைய முடியாது.

பிள்ளை பிறந்தால் அரசாங்கம் தரும் குழந்தை போனசுக்கும் உங்கள் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. முதல் பிள்ளைக்கு ரொக்கமாக 11,000 வெள்ளி தவணைகளில் வரும். பிள்ளையின் செலவுகளுக்கான சிறப்புச் சேமிப்புக் கணக்கான பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் 5,000 வெள்ளி தனி. பிறப்பைப் பதியும்போதே லைஃப்எஸ்ஜி செயலியில் இதற்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடலாம். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு.

அப்புறம், உங்கள் கணவர். நிரந்தரவாசி என்பதால் அவருக்கு விடுப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை குடிமகன், நீங்கள் சட்டப்படி மணமானவர்கள், அவர் தம் வேலையில் மூன்று மாதம் தாண்டியவர் என்றால் 4 வாரத் தந்தையர் விடுப்பு அவர் உரிமை. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் 10 வார விடுப்பும் சேர்கிறது. எப்போது எடுக்கப்போகிறார் என்பதை நான்கு வாரம் முன்பே தம் மேலாளரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.