பிலிருபின் 1.9

"உடம்புக்கு ஏதாவது என்றால் இணையத்தில் தேடாமல் இருக்க முடியவில்லை, தேடினால் பயம் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லீரலில் ஒரு கோளாறும் இல்லாமல் மூன்று வாரம் கல்லீரல் நோயாளியாக வாழ்ந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆபீசில் வருடாந்திர உடல் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரச் சொன்னதைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்து, முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். ரத்தம் எடுக்கும்போது மறுநாள் காலை பத்தரை. ராத்திரி வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: மொத்த பிலிருபின் 1.9. (பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள்தான் பிலிருபின். அதைக் கல்லீரல் வெளியேற்றும். மிகவும் கூடினால் மஞ்சள் காமாலை.) பக்கத்தில் 'ஹெச்', அதாவது 'ஹை', அதிகம். 1.2 வரைதான் இருக்கலாமாம்.

முதலில் "பிலிருபின் ஏன் கூடும்" என்று தேடினேன். அரை மணி நேரத்தில் "பிலிருபின் கணையப் புற்றுநோய்" என்று நானே டைப் செய்துகொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்கு பாத்ரூம் கண்ணாடி முன்னால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் மஞ்சளாகத்தான் தெரிந்தது. எங்கள் பாத்ரூமில் இருந்தது பழைய குண்டு பல்பு. அதன் கீழே வாளி, மக்கு எல்லாமே மஞ்சள்தான். அது அப்போது உறைக்கவில்லை.

அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து நீட்டினார். குடித்தேன். (அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒரே மருந்தோடு நின்றுவிட்டார். நாற்பது பக்கம் படித்தவன் நான்தான்.) டாக்டரிடம் போகவும் பயம், போனால் உறுதியாகிவிடுமே!

மூன்றாவது வாரம் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணி நேரம் சாப்பிடாம இருந்தீங்க?" பதினாறரை மணி நேரம் என்றதும் சிரித்தார். நான் ஏறிட்டும் பார்க்காத வரிகளை பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. சரி. பித்தநாள அடைப்பைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ் சரி. நேரடி பிலிருபின், அதாவது கல்லீரல் வெளியேற்றத் தயார் செய்துவிட்ட பங்கு, 0.3, அதுவும் சரி. ஹீமோகுளோபின் 14.8, ஆக சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகிற மாதிரியும் இல்லை. "நல்லா சாப்பிட்டுட்டு வந்து இன்னொரு தடவை குடுங்க" என்றார். கொடுத்தேன். 1.3.

இதற்கு கில்பர்ட் சிண்ட்ரோம் என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் அகஸ்டின் கில்பர்ட் 1901இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பிலிருபினை வெளியேற்றத் தயார் செய்யும் என்சைம் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். பட்டினி, காய்ச்சல், கடும் உழைப்பு வந்தால் எண் ஏறும், பிறகு தானாக இறங்கும். நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்கு இருக்கும். மருந்தே தேவையில்லை.

என் கையிலும் டாக்டர் கையிலும் இருந்தது அதே தாள். அவர் மற்ற வரிகளையும் சேர்த்துப் படித்தார், நான் தடித்த எழுத்தை மட்டும் படித்தேன். தேடுபொறியும் என்னை மாதிரிதான். அதற்கு என் வயதோ, நான் சாப்பிட்ட நேரமோ தெரியாது. நான் போட்ட சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கொண்டுவந்து கொட்டும். புற்றுநோய் என்று போட்டால் புற்றுநோய்தான் வரும். 2008இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். சாதாரணத் தலைவலியில் தொடங்கும் தேடல் மூளைக்கட்டி வரை போய் நிற்கக்கூடும் என்று காட்டினார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆய்வகங்கள் போடும் 'நார்மல்' எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்குகிற எல்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 சோதனை செய்தால், நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் எல்லாமே எல்லைக்குள் வர வாய்ப்பு 36 சதவீதம்தான். மாஸ்டர் செக்கப்பில் ஒரு வரியாவது தடித்த எழுத்தில் வருவது அதிசயமே இல்லை.

இப்போதும் தேடுகிறேன். கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டேன். "இது என்ன நோயாக இருக்கும்?" என்று கேட்பதில்லை, "அந்த நோயாக இருந்தால் கூடவே வேறு என்னென்ன இருக்க வேண்டும்?" என்று கேட்கிறேன். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தளம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளம், இரண்டோடு சரி. என்.எச்.எஸ். பக்கங்களில் எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தனியாகவே போட்டிருக்கும். முதலில் அங்கே போய்விடுவேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தேடுவதில்லை. படித்ததையே மறுபடி படிக்கிறேன் என்று தெரிந்தால் போனை வைத்துவிட்டு, சந்தேகத்தை டாக்டரிடம் கேட்க ஒரு சீட்டில் எழுதிக்கொள்வேன். மறுபடி படிப்பது தகவலுக்காக இல்லை, ஆறுதலுக்காக. அந்த ஆறுதல் பத்து நிமிஷம்கூட நிற்காது.

நெஞ்சை அடைக்கிறது, வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் தேடவே தேடாதீர்கள், 108க்கு அடியுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பெரும்பாலும் நாலரை மணி நேரம்தான் கெடு. தேடலிலேயே நாள் முழுக்கக் கழிகிறது, தூக்கம் போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

இந்த வருஷ ரிப்போர்ட்டில் 1.6, பக்கத்தில் அதே 'ஹெச்'. பாத்ரூமுக்கு வெள்ளை எல்.இ.டி. பல்பு போட்டாயிற்று.