டல்ஹவுசி பிரபுவுக்கு ஆண் வாரிசு இருந்ததா? அவர் குடும்பம் என்ன ஆயிற்று?

இல்லை. இரண்டு பெண்கள் மட்டும்தான். வாரிசு இல்லாமல் ராஜா இறந்தால் ராஜ்ஜியம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு என்று டல்ஹவுசி நடத்திய வாரிசு இழப்புக் கொள்கையைப் படிக்கும்போது உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தேர்வுக்குத்தான் என்றால் இந்த ஒரு வரி போதும், மேலே படிக்க வேண்டாம். நானும் அப்பாவுக்கு இரண்டு பெண்களில் ஒருத்தி, ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

டல்ஹவுசியின் சொந்தப் பெயர் ஜேம்ஸ் ராம்சே, 1812இல் எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் டல்ஹவுசி கோட்டையில் பிறந்தவர். மூன்று ஆண் பிள்ளைகளில் கடைசி. அண்ணன்மார் இருவரும் முன்னாலேயே இறந்துபோனதால்தான் பட்டம் இவருக்கு வந்தது. அப்பா ஸ்பெயினில் நெப்போலியன் படைகளை எதிர்த்துப் படை நடத்தியவர், பிறகு கனடாவில் கவர்னர் ஜெனரல். ஹாலிஃபாக்ஸில் இன்றும் இருக்கும் டல்ஹவுசி பல்கலைக்கழகம் அவர் தொடங்கியது. மகன் 1837இல் எம்.பி. ஆனார், அடுத்த வருடமே அப்பா இறந்து பத்தாவது ஏர்ல் (பரம்பரைப் பிரபு பட்டம்) ஆகி, பிரபுக்கள் சபைக்குப் போய், லண்டனில் வர்த்தக வாரியத் தலைவராக ரயில் கம்பெனிகளோடு மல்லுக்கட்டி, முப்பத்தைந்து வயதில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்துவிட்டார். அரசியல் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

எனக்குச் சுவாரசியமானவர் அவருடைய அம்மா கிறிஸ்டியன் பிரவுன். கோல்ஸ்டன் என்ற எஸ்டேட்டுக்கு அவர்தான் வாரிசு. அந்த வீட்டில் ஒரு பேரிக்காய் இருக்கிறது. விளையாட்டில்லை, நிஜப் பேரிக்காய். எப்போதோ ஒரு மந்திரவாதப் பிரபு தன் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தாராம், அது கெடாமல் இருக்கும்வரை குடும்பம் தழைக்கும் என்றாராம். பிற்காலத்தில் ஒரு பெண்மணி ஆசைப்பட்டு அதைக் கடித்துப் பார்த்தாராம், அதோடு குடும்பத்துக்குக் கஷ்டகாலமாம். பல் பட்ட அந்தக் காய் கல்லாய் இறுகிவிட்டது என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கதையில் எவ்வளவு உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் கதையிலும் சரி, பத்திரத்திலும் சரி, கோல்ஸ்டன் பெண்கள் வழியாகவும் கைமாறும் சொத்து என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனைவி சூசன் ஹே, ட்வீடேல் மார்க்வஸின் (ஏர்லுக்கு ஒரு படி மேலான பட்டம்) மகள். அந்த மாமனார் 1842 முதல் 1848 வரை மதராஸ் கவர்னர். மகள்கள் சூசன், ஈடித். இந்தியாவுக்கு வரும்போது குழந்தைகளை ஸ்காட்லாந்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மனைவிக்கு இங்கே உடம்பு கெட்டு, ஊர் திரும்பும் வழியில் 1853 மே மாதம் கப்பலிலேயே இறந்துபோனார். அப்புறம் மூத்தவள் சூசன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள இந்தியா வந்தாள். "பெண்ணால் என்ன பிரயோஜனம்" என்பவர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

இப்போது தஞ்சாவூர். நாடு 1799இலேயே கம்பெனி கைக்குப் போய்விட்டது. கோட்டையும் பட்டமும்தான் மிச்சம். கடைசி ராஜா சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தார். இரண்டு மகள்கள் இருந்தார்கள். அரண்மனையில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் ஃபோர்ப்ஸே மகளுக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று எழுதிப் பார்த்தார். நடக்கவில்லை. இந்து ராஜாவின் மகளுக்கு ராஜ்ஜியத்தில் உரிமை கிடையாது என்று கம்பெனி முடிவு கட்டியது. முடிவான உத்தரவு வந்தபோது டல்ஹவுசி கப்பலேறிவிட்டார் என்பது உண்மை. சத்தாரா, நாக்பூர் ராஜ்ஜியங்களை எடுத்துக்கொண்டு அவர் போட்ட பாதையில்தான் அது வந்தது என்பதும் உண்மை. 1856 அக்டோபரில் அதே ஃபோர்ப்ஸ் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் போய் ராஜாவின் சொந்தச் சொத்துக்கும் சேர்த்து முத்திரை வைத்தார். மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு மதராஸ் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1859இல் மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. சொந்தச் சொத்தை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது அதற்குப் பிறகு.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் அப்பா போனபோது கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். நாங்கள் வைக்கிறோம் என்று நானும் தங்கையும் சொன்னதற்கு, "ஊர் என்ன பேசும்?" என்று வாயை அடைத்துவிட்டார்கள். காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும் முன்னாலேயே சித்தப்பா அம்மாவிடம் உட்கார்ந்து, "ஆண் வாரிசு இல்லாத வீடு அண்ணி, வாய்க்கால் ஓரத்து வயலைப் பையன் பேருக்கு மாற்றிவிட்டால் பரம்பரைச் சொத்து வெளியே போகாது" என்கிறார். அம்மா விபூதித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். வெளியே என்றால் யார்? நாங்கள்தான். மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது என்று சொன்னேன். "படிச்ச திமிரு" என்றார் அத்தை. அவரும் பெண்தான்.

வாரிசுச் சான்றிதழுக்குப் போனால் அது தனி ராமாயணம். விசாரிக்க வந்தவரின் முதல் கேள்வியே "ஆம்பளப் பிள்ளை யாரும் இல்லையா?" ஆதாரில் அப்பாவின் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், அதற்காக மனு திரும்பி வந்தது. இனிஷியலை எங்கே போட வேண்டும் என்று இந்த அரசாங்கங்கள் ஒரு முடிவுக்கு வந்தால் பாதி ஜனம் நிம்மதியாகத் தூங்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.

டல்ஹவுசி வீட்டில் என்ன ஆயிற்று என்றால், 1860 டிசம்பரில் நாற்பத்தெட்டு வயதில் அவர் இறந்தார். பஞ்சாபைப் பிடித்ததற்காகக் கிடைத்த மார்க்வஸ் பட்டம் ஆண் வாரிசு இல்லாததால் அவரோடு காலாவதி. பழைய ஏர்ல் பட்டம் அவருடைய சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மோலுக்குப் போனது. ஆம், அங்கேயும் சித்தப்பா மகன்தான். அவருக்கும் பிள்ளை இல்லை. 1874இல் அவரும் போக, பட்டம் இன்னொரு பங்காளி வீட்டுக்குப் போயிற்று. ஆனால் கோல்ஸ்டன் எஸ்டேட் மூத்த மகள் சூசனுக்கு வந்தது. பாட்டியிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து பேத்திக்கு. தஞ்சாவூர் மகளுக்குக் கிடையாது என்றது அவர் மகளுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

உடனே "பட்டம் வேறு, சொத்து வேறு, ராஜ்ஜியம் வேறு" என்று சட்டம் படித்தவர்கள் கிளம்பி வருவார்கள். தெரியும் சார். அரண்மனைக்குள் இருந்த ராஜாவின் சொந்தச் சொத்துக்கும் முத்திரை வைத்தார்களே, அதற்கும் ஒரு பதில் எழுதுங்கள். ஜான்சியை ஏன் சொல்லவில்லை என்றால், அங்கே வழக்கு தத்துப்பிள்ளையைப் பற்றியது.

இளையவள் ஈடித், ஜேம்ஸ் ஃபெர்குசனைக் கட்டிக்கொண்டு, அவர் கவர்னராக இருந்த ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1871இல் இறந்தார். சூசன் கட்டிக்கொண்டது ராபர்ட் பூர்க் என்பவரை. இவர்தான் 1886இல் மதராஸ் கவர்னராக வந்த கன்னிமாரா பிரபு. எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் கொடுத்தவர். அப்பாவைப் போலவே அந்தப் பெண்ணும் நம் பக்கம் வந்துதான் அவஸ்தைப்பட்டார். புருஷனின் வேறு தொடர்பையும் கொடுமையையும் சொல்லி வழக்குப் போட்டு 1890இல் விவாகரத்து வாங்கினார், அந்த வருடமே கன்னிமாரா பதவியை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். சூசன் பிறகு மறுமணமும் செய்துகொண்டார். எஸ்டேட் அவர் பேரிலேயே இருந்தது.