ஆரண்ய காண்டமும் டாரண்டினோவும்

அன்புள்ள ஐயா,

தியாகராஜன் குமாரராஜாவின் ரௌடிப் படம் 'ஆரண்ய காண்டம்' இப்போதுதான் பார்த்தேன். அசந்துபோனேன். என் நண்பனோ, "விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், ஜனங்கள் நிராகரித்தார்கள். எல்லாம் ஹாலிவுட் இயக்குநர் டாரண்டினோ காப்பி" என்கிறான். நம் ரசிகர்களுக்கு ஏன் இந்தப் படம் பிடிக்காமல் போனது?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

பிடிக்காமல் போக முதலில் பார்த்திருக்க வேண்டுமே. தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்டது. தயாரிப்பாளர் எஸ்.பி.பி. சரண் ஒத்துக்கொள்ளாமல் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனார். நியூயார்க்கில் தெற்காசியத் திரைப்பட விழாவில் 2010லேயே நடுவர் பரிசு வாங்கிய படம், இங்கே தியேட்டருக்கு வர 2011 ஜூன் 10 ஆனது. கைக்குள் பெரிய விநியோகஸ்தர் இல்லை, கூட்டத்தை இழுக்கும் பெரிய கதாநாயகன் இல்லை, டிவியில் போட்டுக்காட்ட ஒரு பாட்டுகூட இல்லை. அடுத்த வாரமே பாலாவின் 'அவன் இவன்' வந்துவிட்டது. இதில் ஜனங்கள் எங்கே நிராகரித்தார்கள்? அப்புறம் இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன, அறிமுக இயக்குநருக்கு ஒன்று, படத்தொகுப்புக்கு ஒன்று. விருது வந்தபோது படம் தியேட்டரில் இல்லை. டிவிடியிலும் கணினியிலும் கைமாறிக் கைமாறித்தான் இன்றைய பெயரைச் சம்பாதித்தது.

விமர்சகர்கள் பாராட்டினார்கள், உண்மை. என் குறை அவர்கள் பாராட்டிய விதத்தில்தான். பல விமர்சனங்கள் டாரண்டினோ, பிரிட்டிஷ் இயக்குநர் கை ரிட்சி என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டன. உங்கள் நண்பர் சொல்லும் 'காப்பி' அந்தப் பாராட்டிலிருந்து முளைத்ததுதான்.

படத்தில் வரும் கார் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அடியாட்கள் உட்கார்ந்து, ஒரு பெண்ணிடம் ரஜினி பிடிக்குமா கமல் பிடிக்குமா என்று கேட்டால் அவளைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடும் என்று ஒரு பெரிய தத்துவமே பேசுகிறார்கள். ரௌடிகள் வெட்டிப்பேச்சு பேசினால் உடனே டாரண்டினோவா? தமிழ்நாட்டில் எந்த டீக்கடை பெஞ்சிலாவது அரை மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு இந்தப் பேச்சை அமெரிக்காவிலிருந்து இறக்க வேண்டிய அவசியம் இல்லை. அடியாள் பசுபதி (பாத்திரத்தின் பெயர்) தன் முதலாளியான தாதா சிங்கப்பெருமாளைப் பார்த்து 'டொக்காகிவிட்டீர்களா', அதாவது தெம்பு போய்விட்டதா, என்று கேட்பதும் அப்படித்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சிங்கப்பெருமாள் அவனைத் தீர்க்கச் சொல்கிறார். காலையில் படுக்கையில், தான் வைத்திருக்கும் பெண் சுப்புவிடம் தோற்ற கிழவனுக்கு அது வேறு இடத்தில் போய்க் குத்துகிறது.

டாரண்டினோவோடு செய்யும் இந்த ஒப்பீடு காளையனையும் அவன் மகன் கொடுக்காப்புளியையும் ஓரமாகத் தள்ளிவிடுகிறது. எனக்கு அவர்கள்தான் படம். காளையன் சொத்தெல்லாம் தொலைத்த ஜமீன் வாரிசு, எந்நேரமும் குடி. சேவல் சண்டைக்காக மகனையும் கூட்டிக்கொண்டு பட்டணம் வருகிறான். சேவலும் செத்துப்போகிறது. இரண்டு கோடி ரூபாய் கொக்கெய்ன் பை கையில் சிக்கியதும், ரௌடிகளிடம் நிதானமாகப் பேரம் பேசுவது அந்தச் சின்னப் பையன்தான். அப்பாவை அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டால், அப்படி இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்கிறான். அழுகை இல்லை, பின்னணியில் வயலின் இல்லை. தமிழ் சினிமாவில் அப்பா மகன் உறவை இவ்வளவு சிக்கனமாக எழுதிய இடம் வேறு எனக்கு நினைவில்லை. காளையனாக நடித்த, கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்த குரு சோமசுந்தரத்துக்கு இது முதல் படம் என்பதை நம்பவே முடியாது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சண்டைக் காட்சிகளில் ஸ்லோமோஷன் கொஞ்சம் தன்னைத்தானே ரசிக்கிறது. அந்த இடங்களில் டாரண்டினோ பெயரைச் சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

இன்னொன்று. இதை முழுக்கச் சுயாதீனப் படம், அதாவது பெரிய பெயர்களை நம்பாமல் தனித்து எடுத்த படம், என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. இந்தி நடிகர் ஜாக்கி ஷெராஃபும் இசைக்கு யுவன் சங்கர் ராஜாவும் இருக்கிற படம் அது. ஆனால் எழுத்தில் யாருக்கும் வளைந்துகொடுக்கவில்லை. அதற்கு விலையும் இருந்தது: தியாகராஜன் குமாரராஜாவின் அடுத்த படமான 'சூப்பர் டீலக்ஸ்' வர 2019 ஆகிவிட்டது.

உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: எந்தக் காட்சி, எந்தப் படத்திலிருந்து? சரியாகச் சொன்னாரென்றால் எனக்கும் எழுதுங்கள், பார்க்கிறேன்.