கவர் போட்ட கார் பத்திரமா?

கேள்வி: ஹஸ்தம்பட்டியில் வாடகை வீடு, போர்டிகோ கிடையாது. கார் தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாகக் கவர் போட்டு மூடிவிடுவார். பக்கத்து வீட்டு அண்ணனோ, கவர் போட்டால்தான் பெயின்ட் கெட்டுப்போகும் என்கிறார். யார் சொல்வது சரி?
- சேலம் வாசகி

பதில்: நான் அண்ணன் கட்சி. ஆனால் பழியைக் கவர் மேல் போடாதீர்கள். கவருக்கும் காருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற மண்தான் வில்லன். அஞ்சு ரோடு, புது பஸ் ஸ்டாண்டு என்று நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வருகிற வண்டி மேல் ஒரு படலம் தூசி இருக்கும், அதன் மேல் துணியைப் போட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தால் உப்புத்தாளால் தேய்த்த கதைதான், அப்புறம் ராத்திரி காற்றடித்துக் கவர் படபடக்கும்போது மிச்சத் தேய்ப்பும் தானாக நடந்துவிடும். நிறத்துக்கு மேல் பூசியிருக்கிற கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடி தடிமன்கூட வராது. காரை வெயிலில் நிறுத்திச் சாய்வாகப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது தினசரி கவர் கொடுத்த பரிசாக இருக்கலாம். கறுப்பு வண்டி என்றால் பளிச்சென்று தெரியும்.

அதற்காக உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது வீண் என்று சொல்ல மாட்டேன். சேலத்துச் சித்திரை வெயிலில் பெயின்ட் வெளுக்கும், ஹெட்லைட் மஞ்சளாகும், வைப்பர் ரப்பர் வெடிக்கும். வேப்பமரம் என்றால் காக்கா வேறு. அந்த எச்சம் வெயிலில் காய்ந்தால் பெயின்டில் தழும்பு விழும், ஆனால் அதற்கு வைத்தியம் கவர் இல்லை, அன்றைக்கே எடுப்பதுதான். ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு, அழுத்தாமல் வழித்து எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள்.

தினமும் ஓடுகிற வண்டிக்குக் கவர் வேண்டாம். உள்ளே டேஷ்போர்டுக்கு ஒரு சன்ஷேடு போதும். பத்து, பதினைந்து நாள் ஊருக்குப் போகிறீர்களா, அப்போது கழுவி, நன்றாகக் காயவைத்து, இன்ஜினும் சைலன்சரும் ஆறின பிறகு போட்டு, அடியில் இருக்கிற பெல்ட்டையும் இறுக்கிவிட்டுப் போங்கள். அவர் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்ன வீடு இருக்கிறது. மழைக்காலத்தில் மூன்று வாரம் காரைக் கவர் போட்டு நிறுத்தியிருந்தேன். திறந்தால் ஸ்டியரிங்கில் பூஞ்சை, சீட்டில் நாற்றம், ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் பின்சக்கரம் நகரவில்லை. நல்ல தடிமனான கவர்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.
- ஏற்காடு வாசகர்

பதில்: சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்றீர்களே, வெளியேயும் வராது, அதுதான் வினை. மலை மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி நாள் கணக்கில் நிற்கும், மண்ணிலிருந்தும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், அந்த ஆவி ராத்திரி குளிரில் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் நீராகக் கோத்துக் கார் மேலேயே சொட்டும். அங்கே நாலு கம்பம் நட்டு மேலே தகரம் போடுவதுதான் உத்தமம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். கவர்தான் வேண்டுமென்றால் காற்று புகுந்து வெளியேறுகிற துணி ரகமாக வாங்குங்கள். குரங்கு அதைக் கிழித்தால் நான் பொறுப்பில்லை.

சக்கரம் நகராததற்குக் காரணம், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டதுதான். அடுத்த முறை சமதளமான இடத்தில், கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு நிறுத்துங்கள். நனைந்த மிதியடி, குடை எதையும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரக் கவரை மடித்து டிக்கியில் வைத்த புத்திசாலி நான், அந்த வாடை போக ஒரு கோடைக்காலம் முழுசாகத் தேவைப்பட்டது.

மேலேயிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்தவுடனே மூடவும் வேண்டாம். பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: கவர் போட்டால் எலி வராதாமே?
- சூரமங்கலம் வாசகர்

பதில்: யார் சொன்னது? இருட்டாக, கதகதப்பாக, ஆள் நடமாட்டம் தெரியாமல் ஒரு கூடாரம் கட்டிக் கொடுத்தால் எலிக்குக் கசக்குமா! இரண்டு நாளைக்கு ஒரு தடவை கவரைத் தூக்கி, பானெட்டைத் திறந்து பாருங்கள். குப்பைத்தொட்டி, அரிசி மூட்டை பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள், உள்ளே பூனைக்குட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம்.